படம் முடிந்ததும் எழுந்து போகாதீர்கள்

(சென்ற பொதுக்குழுக் கூட்டத்தின் இறுதியில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முதலில் இருபது நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். லிஃப்ட் ஒப்பந்தம் ஒன்றே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டதால் அது பத்தாகிவிட்டது. சினிமாவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி எதுவும் இல்லை. பி.காம். படித்துவிட்டு முப்பத்து நான்கு வருடம் வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன். பார்த்ததைச் சொல்கிறேன். கடைசியில் உங்களிடம் ஒரு தீர்மானம் கேட்கப் போகிறேன், அதனால் தயவுசெய்து தூங்க வேண்டாம்.

என் மகள் திருவனந்தபுரத்தில் இருப்பது பலருக்குத் தெரியும். பேரனைப் பார்க்கப் போன இடத்தில் சம்பந்தி என்னை ஒரு விழாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். கேரள அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். "சம்பந்தி, வீட்டுல டிவி பார்த்துட்டு உட்கார வேண்டாம், உங்களுக்கும் பேர் கொடுத்தாச்சு" என்று சொல்லி ஒரு அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிவிட்டார். கேரள சர்வதேச ஆவணப்பட, குறும்பட விழா. அந்த மாநிலத்தின் சலச்சித்திர அகாதமி 2008-இல் தொடங்கியது. தம்பானூர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், கைரளி, ஸ்ரீ, நிளா என்று ஒரே வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். உலகத்தின் எங்கெங்கிருந்தோ வந்த படங்கள் அங்கே ஓடுகின்றன.

நான் என்ன நினைத்துப் போனேன் என்றால், ஜிப்பா போட்ட நாலு பேர் இருப்பார்கள், ஏசியில் ஒரு தூக்கம் போடலாம் என்று. போய்ப் பார்த்தால் வரிசை வாசல் வரை நிற்கிறது. கல்லூரிப் பிள்ளைகள், ரிட்டயர்டு வாத்தியார்கள், கையில் காய்கறிப் பையோடு ஒரு அம்மா. டோக்கன் கொடுத்தே காலம் தள்ளியவன் நான், வரிசையைப் பார்த்தாலே அதன் மனசு தெரியும். இது மாதக் கடைசியில் பென்ஷன் வாங்க நிற்கிற வரிசை மாதிரி இருந்தது. விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனசில்லை. பன்னிரண்டு நிமிடப் படத்துக்கு நாற்பது நிமிடம் நின்றோம். இது ஒரு நாளில் வந்த பழக்கம் அல்ல. அந்த ஊரில் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965-லேயே சித்ரலேகா என்று ஒரு ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார்கள். அறுபது வருடமாகப் போட்டு வைத்த டெபாசிட், இப்போது வட்டி வருகிறது.

குறும்படம் என்றால் எவ்வளவு நீளம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஆஸ்கர் கணக்கில் 40 நிமிடத்துக்குள், கான் விழாவில் 15 நிமிடத்துக்குள் இருக்க வேண்டும். பெரிய படம் எடுக்க வாய்ப்புக் கேட்டு நீட்டுகிற விசிட்டிங் கார்டு என்றுதான் இதை நான் நினைத்திருந்தேன். டீக்கடையில் சம்பந்தி அதற்கு ஒரு பதில் சொன்னார். ஈரான் நாட்டு அப்பாஸ் கியாரோஸ்தமி, உலகமே கொண்டாடிய இயக்குநர். 1970-இல் அவர் எடுத்த முதல் படமே பத்து நிமிடம்தான். ஒரு சிறுவன் ரொட்டி வாங்கிக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்குப் போகிறான். குறுக்கே ஒரு நாய். அவ்வளவுதான் கதை. பையன் ரொட்டியில் ஒரு துண்டைப் போடுகிறான், நாய் வாலை ஆட்டிக்கொண்டு வீடு வரை கூட வருகிறது. பேச்சே கிடையாது. பையனையும் நாயையும் தனித்தனியாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று கேமராமேன் சொன்னாராம். இரண்டும் ஒரே ஷாட்டில் வர வேண்டும் என்று இவர் பிடிவாதம். படப்பிடிப்பு முழுக்கக் கேமராமேன் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், ஒரு விதத்தில் அவர் சொன்னதும் சரிதான் என்று கியாரோஸ்தமியே பிற்காலத்தில் பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

இந்த மாதிரி விஷயமெல்லாம் படத்தை எடுத்தவர் வாயால் சொன்னால்தான் நமக்குத் தெரியும். அந்த விழாவில் எனக்குப் பிடித்ததும் அதுதான். படம் முடிந்து விளக்கைப் போட்டதும் எடுத்தவரே முன்னால் வந்து நிற்கிறார். யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம்.

வெளிநாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். என் மகளை விட இளையவள். அவள் படம் ஒரு பழைய குடியிருப்பின் மாடிப்படியிலேயே நடக்கிறது. ஒரு கிழவர் சாமான் பையோடு ஏறுகிறார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்குகிறார். கதவுகளுக்குப் பின்னால் டிவி சத்தம், சண்டை, குழந்தை அழுகை. ஒரு கதவும் திறக்கவில்லை. மைக் என் பக்கம் வந்தது. வங்கிக்காரன் புத்தி, "இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது, எப்படித் திரும்ப வரும்?" என்று கேட்டுவிட்டேன். சபையில் சிரிப்பு. அந்தப் பெண் சிரிக்கவில்லை. நாலு வருடச் சேமிப்பு, ஏதாவது டிவி வாங்கினால் பாதி வரும், மீதி வராது, தெரிந்தேதான் செய்தேன் என்று நிதானமான இங்கிலீஷில் சொன்னாள். அடுத்து ஒரு மாணவன் எழுந்து, அந்த மாடிப்படியில் எடுக்க அனுமதி எப்படிக் கிடைத்தது என்று கேட்டான். "கேட்கவில்லை. கேட்டிருந்தால் கமிட்டி மறுத்திருக்கும்" என்றாள்.

தியேட்டரே கை தட்டியது. நான் தட்டவில்லை.

ஏன் என்று சொல்ல, மினிட்ஸ் புத்தகத்தையே கொண்டு வந்திருக்கிறேன். 2016 ஜூன், தீர்மானம் எண் 7. "வளாகத்தின் மாடிப்படி, மொட்டை மாடி ஆகிய பொது இடங்களில் எவ்விதப் படப்பிடிப்புக்கும் அனுமதி இல்லை." முன்மொழிந்தவர், அப்போதைய பொருளாளர். அதாவது நான். பி பிளாக்கில் ஒரு பையன், கல்லூரி மூன்றாம் வருடம், இரண்டு ராத்திரி மாடிப்படியில் படம் எடுக்கட்டுமா என்று கையால் எழுதிய கடிதம் கொடுத்திருந்தான். கரண்ட் பில்லை யார் கட்டுவது, வாட்ச்மேனுக்கு ஓவர்டைம் யார் தருவது, நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே என்று நான்தான் அடுக்கினேன். ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டோம். அவனைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்ன படம் என்றுகூடக் கேட்கவில்லை. அவன் வேறு எங்கோ நண்பன் வீட்டில் எடுத்தான். அது வெளிநாட்டில் ஒரு விழாவில் ஓடியது. அவன் அம்மா வாட்ஸப் குழுவில் அதைப் போட்டபோது முப்பது பேர் கட்டைவிரலைத் தூக்கினோம். படத்தை யாரும் பார்க்கவில்லை.

அந்த அம்மா இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அம்மா, போன வாரம் உங்கள் வீட்டுக்கு வந்து சொன்னதை இங்கே எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். நான் செய்தது தப்பு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் என்று நிலக்கரியும் இரும்பும் சார்ந்த ஒரு தொழில் ஊர். 1954-இல் அங்கே குறும்பட விழாவைத் தொடங்கியவர் ஹில்மர் ஹோஃப்மன். சினிமாக் கம்பெனிக்காரர் இல்லை, பெரியவர்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் கல்வி நிலையத்தின் தலைவர். சில வருடத்தில் அந்த விழா "அண்டை வீட்டாரை நோக்கிய பாதை" என்பதைத் தன் முழக்கமாக வைத்துக்கொண்டது. ஐரோப்பா இரண்டாகப் பிரிந்து கிடந்த காலத்தில், சுவருக்கு அந்தப் பக்கத்துப் படங்களை அங்கே காட்டினார்கள். பிரான்சில் டயர் தயாரிக்கும் கிளெர்மோன் ஃபெரோன் நகரத்து விழா 1979-இல் மாணவர்கள் நடத்திய திரையிடலாகத்தான் ஆரம்பித்தது. இன்றைக்கு உலகத்தின் பெரிய குறும்பட விழா அது. நாம் விழா எதுவும் எடுக்க வேண்டாம். நமக்கு ஒரு ஹால் இருக்கிறது, புரொஜெக்டர் இருக்கிறது. பிறந்த நாள் பார்ட்டிக்கு மட்டும்தான் அதை வெளியே எடுக்கிறோம்.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஆறரை மணி. பி பிளாக் தம்பி ஊருக்கு வருகிறான். அவன் படம் 14 நிமிடம், அவனே வந்து பேசுவான். அவனோடு படித்த பெண் கொழும்பில் இருக்கிறாள். அவள் படம் 9 நிமிடம், சிங்களத்தில், இங்கிலீஷ் சப்டைட்டிலோடு. அவள் வீடியோ காலில் வருவாள். மூன்றாவதாக நார்மன் மெக்லாரன் எடுத்த "நெய்பர்ஸ்", 1952, கனடா தேசியத் திரைப்பட வாரியத்தின் படம், 8 நிமிடம். பொது இடத்தில் காட்ட அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன், வந்தால் போடுவோம். இரண்டு வீட்டுக்கு நடுவே, சரியாக எல்லைக் கோட்டில், ஒரு பூ பூக்கிறது. அது யாருடையது என்று இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை. சி பிளாக் பார்க்கிங் தகராறில் உள்ள இரு தரப்பும் அவசியம் வர வேண்டும்.

ஒரு வேண்டுகோள். படம் முடிந்தவுடன் எழுந்து போகாதீர்கள். பிடிக்கவில்லை என்றால் அந்தப் பிள்ளைகளிடமே சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் ஒரு பெரியவர் ஒரு இயக்குநரிடம் "பாதிப் படம் புரியவில்லை" என்று நேராகவே சொன்னார். அந்த ஆள் மேடையிலிருந்து இறங்கி வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, எந்தப் பாதி என்று கேட்டார்.

செலவு விவரம்: சுண்டல், காபி, ஸ்பீக்கர் வாடகை. அது என் பொறுப்பு, மெயின்டனன்ஸ் கணக்கில் வராது. பதினாலு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு முன் வரிசை, தரையில் பாய்.

கடைசியாகத் தீர்மானம். 2016-ஆம் ஆண்டின் தீர்மானம் எண் 7 ரத்து செய்யப்படுகிறது. இனி குடியிருப்பவர்கள் யாராவது பொது இடத்தில் படம் எடுக்கக் கேட்டால், கேட்டவரை நேரில் அழைத்துப் பேசிய பிறகே கமிட்டி முடிவு செய்யும். முன்மொழிபவன் நான்தான். வழிமொழிய ஒருவர் கை தூக்குங்கள்.