வெளியேற வேண்டியவன் அவன்

செகந்திராபாத்தில் திரண்டிருக்கும் தமிழ்ப் பெருமக்களே, தாய்மார்களே!

அடிபட்ட பெண்ணைப் பார்த்து ஊர் கேட்கிறது: "இவ்வளவு நடந்தும் ஏம்மா அந்த வீட்டிலேயே இருக்கே?" நான் கேட்கிறேன், அவள் ஏன் போக வேண்டும்? அடித்தவன் போகட்டும்! ஆத்திரத்தில் சொல்லவில்லை, சட்டத்தைச் சொல்கிறேன். 2006 அக்டோபர் 26 முதல் நடப்பில் இருக்கும் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வீடு யார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. அவனை வெளியேறச் சொல்லும் அதிகாரத்தை 19ஆவது பிரிவு மாஜிஸ்திரேட்டுக்குக் கொடுத்திருக்கிறது. "இது மாமனார் வீடு" என்று மிரட்டினால், அவள் வாழ்ந்த வீடென்றால் அங்கேயும் உரிமை கோரலாம் என்று 2020இல் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அடி மட்டுமா வன்முறை? ஒருத்தி மாதாப்பூரில் வேலை பார்க்கிறாள். சம்பளம் ஏறிய எஸ்.எம்.எஸ். அவன் போனுக்குப் போகிறது. ஏ.டி.எம். கார்டு அவன் பர்ஸில். ஷேர் ஆட்டோ காசுக்குக் காலையில் அவன் முன்னால் கைநீட்டி நிற்கிறாள். சட்டத்தின் கண்ணில் இதுவும் வன்முறைதான். தாலி கட்டாமல் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்கிறவளுக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

பிறகு ஏன் பெண்கள் வாய் திறப்பதில்லை? புருஷன் அடிப்பதில் நியாயம் உண்டென்று தெலங்கானாவில் 100 பெண்களில் 84 பேர் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் சொன்னார்கள். மணமானவர்களில் 100க்கு 37 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்தவர்கள். நம் தமிழ்நாட்டில் 38! "பொறுத்துப் போ" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தது யார்? பெற்றவர்கள் நாம்தான். ஓடிவந்த மகளுக்கு இரண்டு நாள் சோறு போட்டு, "பிள்ளைங்க முகத்தைப் பாரு" என்று ஆட்டோ ஏற்றித் திருப்பி அனுப்புகிறோமே, அதற்குப் பெயர் சமாதானமா? பெற்ற மகளைப் பிடித்துக் கொடுப்பது அது!

உதவிக்கு வழி இருக்கிறது. பெண்கள் உதவி எண் 181ஐ எந்த நேரமும் அழைக்கலாம். பாதிக்கப்பட்ட பெண்களுக்கான 'சகி' மையம் இருக்கிறது. ஹைதராபாத் மாநகரப் போலீசின் 'பரோசா' உதவி மையம் 2016 முதல் இயங்குகிறது. பழைய நகரத்தில் 'ஷாஹீன்', தொலைபேசியில் ஆலோசனை தரும் 'பூமிகா' என்று பெண்களே நடத்தும் அமைப்புகளும் உண்டு. வருமானம் எவ்வளவானாலும் பெண்ணுக்கு வக்கீல் இலவசம்.

ஆனால் தெலுங்கு வராத நம் பெண்ணோடு ஸ்டேஷன் படியேற யார் இருக்கிறார்கள்? பொங்கல் விழாவுக்குக் குழு போடுகிறோம். இதற்கும் போடுவோம். பெயர் கொடுக்கிறவர்கள் இப்போதே மேடைக்கு வாருங்கள். ஆண்களே, முதலில் நீங்கள்.