விற்பனை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு

(தோட்ட இளைஞர், பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வீடு, தண்ணீர், மலசலகூடம் பற்றியே இந்தக் கூட்டங்களில் அதிகம் பேசியிருக்கிறோம். இன்று வேறு விடயம். உயர்தரம் படித்துவிட்டு வேலை தேடிக் கொழும்புக்குப் போன ஒரு தம்பியின் கதையை, அவருடைய சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறோம்.

‘விற்பனைப் பிரதிநிதிகள் தேவை, அனுபவம் அவசியமில்லை, கைநிறையச் சம்பளம்’ என்று ஒரு விளம்பரம். அம்மா தோட்டை அடகு வைத்துச் செலவுக்குக் கொடுத்தார். ஹட்டனில் இரவு பஸ் ஏறி, விடியற்காலை புறக்கோட்டையில் இறங்கி, பஸ் நிலையத்திலேயே முகம் கழுவிச் சட்டை மாற்றிக்கொண்டு நேர்முகப் பரீட்சைக்குப் போயிருக்கிறார். மண்டபத்தில் அறுபது எழுபது பேர். சான்றிதழை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இரண்டே கேள்விதான். எந்த ஊர்? ஊரில் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

பிறகு ஒருவர் மேடையேறி, தான் கார் வாங்கிய கதையெல்லாம் சொல்லி, கடைசியில் விடயத்துக்கு வந்தார். சம்பளம் கிடையாது. முதலில் பணம் கட்டிப் பொருள் எடுக்க வேண்டும். பிறகு ஆள் சேர்க்க வேண்டும். சேருகிறவர்கள் கட்டும் பணத்தில் பங்கு. தம்பி எழுந்து வந்துவிட்டார். லயத்தில் எல்லோரும் “என்னப்பா, வேலை கெடைச்சிச்சா?” என்று கேட்க, “இங்கிலீஷ் பத்தாதுன்னுட்டாங்க” என்று சொல்லியிருக்கிறார். வெட்கம்! வெட்கப்பட வேண்டியவர் அவரா?

ஆள் சேர்ப்பதில் பணம் பார்க்கும் இந்த முறைக்குப் பிரமிட் திட்டம் என்று பெயர். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் பின்னர் செய்த திருத்தங்களின்படி இது தண்டனைக்குரிய குற்றம். கணக்கைப் பாருங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால் 36, 216, 1,296 என்று போய், ஐந்தாம் படியில் 7,776 புது ஆட்கள் வேண்டும். ஒரு தோட்டத்தில் அத்தனை பேருக்கு எங்கே போவது? கடைசியில் பணத்தை இழப்பது நாம் சேர்த்துவிட்ட மாமாவும் சித்தியும்தான்.

விற்பனை வேலை எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. நல்ல இடங்களில் அடிப்படைச் சம்பளம் இருக்கும், அதற்கு மேல் கொமிஷன். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று வாய்விட்டுக் கேளுங்கள். நியமனக் கடிதம் கேளுங்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அதைக் கொடுக்க வேண்டும். சேமலாப நிதி நமக்குப் புதிதல்ல: நம்மிடம் 8 வீதம், முதலாளியிடம் 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம், அது முழுவதும் முதலாளி பொறுப்பு. மூலச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் காட்டலாம், விட்டுவிட்டு வரக்கூடாது. பணம் கட்டச் சொன்னால் அன்றைக்கே கட்டாதீர்கள்.

அரைப் பேர் போட்டால் கணக்கப்பிள்ளையிடம் ஏன் என்று கேட்கிறோம். கைக்காசுக் கொழுந்துக்கும் கிலோக் கணக்குப் பார்க்கிறோம். கழுத்துப்பட்டி கட்டியவரிடம் கேட்க மட்டும் என்ன கூச்சம்?

பெற்றோரே, வெறுங்கையோடு வந்த பிள்ளையை ஏசாதீர்கள். என்ன நடந்தது என்று உட்கார வைத்துக் கேளுங்கள். ஏற்கனவே பணம் கட்டியவர்கள் பற்றுச்சீட்டைக் கிழித்துப் போடாமல் பொலிஸிலோ மத்திய வங்கியிலோ முறைப்பாடு செய்யலாம். விளம்பரம் ஏதும் கையில் இருந்தால், பஸ் ஏறுமுன் நமது தோட்ட நலன்புரி உத்தியோகத்தரிடம் கொண்டுவந்து காட்டுங்கள். சேர்ந்து வாசித்துப் பார்ப்போம்.