சமையலறை அடுக்கும் கொல்லாமையும்



விழா மேடையில் சமையலறையைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். இல்லறத்தார் மேற்கொண்ட கொல்லாமையும் இரவுண்ணாமையும் நாள்தோறும் சோதிக்கப்படும் இடம் அதுவே. ஆதலின் இதுவும் அறவுரையே.

பருப்பில் வண்டைக் கண்ட பின்னர் நம்முன் நல்வழி எதுவும் இல்லை. வெயிலில் கொட்டினால் உயிர்கள் வாடி மடியும். கழுவினால் நீரில் மடியும். முறத்தில் மெல்லப் புடைத்து நிழலில் விட்டாலும், மணிக்குள் இருக்கும் புழு அங்கேயே தங்கிவிடும். எனவே கொல்லாமை, தானியம் வீட்டிற்குள் வந்த நாளிலேயே தொடங்க வேண்டும்.

அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிடும். பயறு வண்டு மணியின்மேல் முட்டையிடும். புழு குடைந்து உள்ளே செல்லும். நம் வெப்ப நாட்டில் முட்டை வண்டாக வெளிவர ஏறத்தாழ ஒரு மாதம் போதும். ஆகவே ஒரு மாதத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள். முழுப் பயற்றைவிட உடைத்த பருப்பில் பயறு வண்டின் தொல்லை குறைவு. நம் பாட்டிமார் துவரையைச் செம்மண் கட்டி, காயவைத்து, உடைத்து, ஆண்டு முழுவதற்கும் பானைகளில் வைத்தனர். அவர்களுக்குக் களமும் வாசலும் இருந்தன. அடுக்ககங்களில் வாழும் நமக்குச் சிறு கொள்முதலே ஏற்றது.

ஈரமே பூச்சிக்குத் துணை. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றும், ஐப்பசி, கார்த்திகை மழையும் கோவை வீடுகளில் ஈரத்தைச் சேர்க்கும். வாங்கிய தானியத்தை உலர்த்துங்கள். சூடு ஆறிய பின்னரே மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோக்கும். பழையதன்மேல் புதியதைக் கொட்டாதீர்கள். பாத்திரத்தைத் துடைத்து, காயவைத்து நிரப்புங்கள். மாவிற்கு நம் மரபு மழைக்காலத்தில் 3 நாள், கோடையில் 5 நாள், குளிர்காலத்தில் 7 நாள் என வரையறுத்துள்ளது. அந்த அளவிற்கே அரையுங்கள். அரைத்த நாளைப் பாத்திரத்தின்மேல் எழுதி வையுங்கள்.

கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தானியத்திற்கென ஒரு குழாய்ப் பொறியை வடிவமைத்துள்ளது. 2 மில்லிமீட்டர்த் துளைகள் கொண்ட அக்குழாயைத் தானியத்தில் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளை வழியே உள்ளே விழும். மூட்டையாக வாங்குவோர்க்கு இது நல்ல முன்னறிவிப்பு. விழுந்தவற்றை அன்றாடம் எடுத்து வெளியில் விடலாம்.

இனி இரவுண்ணாமை. ஆனி, ஆடியில் கோவையில் மாலை 6.45 மணிக்குப் பின்னரும் கதிரவன் இருப்பான். கார்த்திகையிலோ 6 மணிக்கெல்லாம் மறைந்துவிடுவான். பணி முடிந்து 5.15 மணிக்கு வீடு திரும்பும் பெண்ணுக்கு எஞ்சுவது முக்கால் மணி நேரமே. அதில் பத்து நிமிடம் சீரகத்தைத் தேடுவதிலும், கல் பொறுக்குவதிலும் கழியலாமா?

மாலை உணவிற்கென ஒரே அடுக்கை ஒதுக்குங்கள். நம் கொங்குநாட்டு அரிசி பருப்புச் சோற்றிற்கு வேண்டிய அரிசி, துவரம்பருப்பு, மிளகு, சீரகம், மஞ்சள், கடுகு யாவும் இடுப்பிற்கும் கண்ணிற்கும் இடைப்பட்ட உயரத்தில் அருகருகே இருக்கட்டும். வெங்காயமும் பூண்டும் இன்றியே அது சுவைக்கும். அரிதாக எடுப்பவை மேல்தட்டிற்குச் செல்லட்டும். உள்ளிருப்பது தெரியும் கண்ணாடிப் புட்டிகள் நலம். தானியம் ஆய்வதை விடுமுறை நாளில், பகல் வெளிச்சத்தில் முடித்துவிடுங்கள். மங்கிய மாலையில் கண்ணுக்குத் தப்பும் சிற்றுயிர் அடுப்பிற்குச் செல்லாது.

இவ்வேலை ஒருவர்க்கு மட்டும் உரியதன்று. நோன்பு வீட்டார் அனைவர்க்கும் பொதுவாயின், அதைக் காக்கும் உழைப்பும் பொதுவே. அடுத்த விடுமுறை நாளில் ஒரே ஒரு தட்டைக் குடும்பத்தோடு இறக்கி, துடைத்து, அடுக்குங்கள். அவ்வளவில் தொடங்கினால் போதும்.

அறம் வளர்க. ஜெய் ஜினேந்திரா.