காணியும் கானகமும்

அளவெட்டியிலே ஒரு துண்டுக் காணி கைமாறுவது எளிய காரியமன்று. உறுதி முடிக்கு முன்னர் நொத்தாரிசு நாலெல்லையையும் கேட்பார். கிணற்றிற் பங்கு உண்டா, வழி வாய்க்காலுக்கு உரித்து உண்டா என்று கேட்பார். காணிக்குக் கூட்டுப் பங்காளிகள் இருப்பின், அவர்களுக்கு அறிவித்தாயிற்றா என்பதும் ஆராயப்படும். பங்காளிக்கு அறிவியாது தன் பங்கைப் பிறனுக்கு விற்றவன், பின்னர் நீதிமன்றத்திலே விடை சொல்ல நேரலாம்.

இக்காவலை அளித்தது தேசவழமை. ஒல்லாந்தர் ஆட்சியிலே, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் திசாவை யாழ்ப்பாணத்து வழமைகளைத் தொகுத்து 1707 ஆம் ஆண்டில் முற்றுவித்தார். அத்தொகுப்பின் தமிழ் வடிவம் பன்னிரண்டு முதலிமார் முன் வைக்கப்பட்டது. அவர்கள் பார்த்து ஒப்பிய பின்னரே அது நடைமுறைக்கு வந்தது. அந்நியர் ஆட்சியே எனினும், ஊர் வழமையை எழுதப் புகுந்தபோது ஊராரிற் சிலரையேனும் கேட்டது. பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் முதலில் வாங்கும் உரிமை உண்டென்பதை 1947 ஆம் ஆண்டுச் சட்டம் மீண்டும் வரையறுத்தது.

இத்தீவிலேயே இத்தகைய காவல் கிட்டாத மக்களும் உளர். கதிர்காம யாத்திரை செல்லும் யாழ்ப்பாணத்து அடியார், வள்ளிநாயகியை வேடர்குலக் கொடி என்று போற்றுவர். அவ்வேடர் தம்மை ‘வன்னியலா அத்தோ’ என்பர். கானகத்து மக்கள் என்பது அதன் பொருள். தம்பானையைச் சூழ்ந்த காடுகளிலே வேட்டையாடியும் தேனெடுத்தும் சேனை செய்தும் அவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். எந்த மலையிற் கூடு கட்டும் தேன் எந்தக் குடும்பத்துக்கு உரியது என்பதெல்லாம் அவர்கள் அறிந்தவையே. ஆயினும் அவர்களிடம் உறுதி இல்லை. தோம்பிலே பதிவும் இல்லை.

1840 ஆம் ஆண்டிலே பிரித்தானிய அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. காடும் தரிசும், குடியும் பயிரும் அற்ற நிலமும், மாறாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியனவாகவே கொள்ளப்படும் என்று அது கூறியது. எழுத்தில்லாத மக்கள் எதைக் கொண்டு நிரூபிப்பர்? 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் அரச நிலத்தைத் தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்ய வழிவகுத்தது. வேடர் காடு, ஏட்டளவிலே முன்னரே அரச நிலமாகியிருந்தது. ஆதலின், அங்கு வாழ்வோரைக் கேட்கவேண்டும் என்ற எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லாமற் போயிற்று.

இதன் விளைவு 1983 ஆம் ஆண்டிலே வெளிப்பட்டது. மகாவலித் திட்டத்தால் காடுகள் வயல்களாயின, யானைகள் இடமிழந்தன. அவற்றுக்குப் புகலிடமாகவும், நீர்த்தேக்கத்துக்கு நீர் தரும் காட்டுக்குக் காவலாகவும் மாதுரு ஓயாத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. நோக்கம் நல்லதே, காடு அழிந்தால் ஆறு வற்றும் என்பதை மறுப்பார் யார்? எனினும், பூங்காவின் எல்லைக்குள் அகப்பட்ட வேடர் குடும்பங்கள் ஹெனானிகல முதலிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. வயலும் வீட்டு நிலமும் கிடைத்தன. வேட்டையும் தேனெடுப்பும் குற்றமாயின. முதுதலைவர் திசாகாமியும் ஒரு சில குடும்பத்தாரும் தம்பானையை விட்டு அகல மறுத்தனர். 1996 ஆம் ஆண்டில் அவர் மைந்தர் ஊருவரிகே வன்னியலா அத்தோ ஜெனீவாவுக்குச் சென்று, ஐக்கிய நாடுகள் அவையின் குழுவொன்றின் முன்னிலையில் தம் மக்களின் முறையீட்டை எடுத்துரைத்தார். திசாகாமி 1998 ஆம் ஆண்டிற் காலமானார்.

உலகின் எண்ணம் சிறிது சிறிதாக மாறிவருகின்றது. 2006 ஆம் ஆண்டின் இந்திய வன உரிமைச் சட்டம், வனவிலங்குக் காப்பிடத்திலிருந்து மக்களை இடம்பெயர்க்குமுன் கிராம சபையின் இசைவை எழுத்திற் பெறவேண்டும் என்கிறது. 2007 ஆம் ஆண்டிலே ஐக்கிய நாடுகள் பொதுச்சபை தொல்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. முன்கூட்டியே, உண்மை அறிவித்து, வற்புறுத்தலின்றிப் பெற்ற இசைவு இல்லாமல் அம்மக்களைப் பெயர்த்தலாகாது என்பது அதன் பத்தாம் பிரிவு. இலங்கையும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. பிரகடனம் சட்டமாகாது, எனினும் அளித்த வாக்கு, வாக்கன்றோ?

அறிவித்தல் வேறு, இசைவு வேறு. அறிவிப்பவன் தன் முடிவைச் சொல்லிவிட்டுப் போகலாம். இசைவு கேட்பவனோ, ‘இல்லை’ என்ற விடைக்கும் செவிசாய்க்கக் கடமைப்பட்டவன். அளவெட்டியில் ஒரு பரப்புக் காணியின் பங்காளிக்குக் கிட்டும் அறிவித்தல்தானும், ஒரு பெருங்காட்டையே வாழ்விடமாகக் கொண்ட மக்களுக்கு உரிமையாகக் கிட்டவில்லை. காட்டின் வழியும் சுனையும் விலங்கின் நடமாட்டமும் அறிந்தோர் அவர்களே. அவர்களைக் கேட்டு, அவர்கள் இசைந்த முறையிற் காவல் அமையுமாயின், காட்டுக்கு உற்ற காவலரும் அவர்களே ஆவர். தம் காணியின் எல்லையைக் கண்ணெனக் காக்கும் யாழ்ப்பாணத்து மக்களுக்கு இந்நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.