ஈர மண்ணிலும் செடி வாடுவது ஏன்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



நான் தாவரவியல் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து, வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் நம் பால்கனிகளில் நான் பார்த்தவரை, தண்ணீர் இல்லாமல் போன செடிகளைவிடத் தண்ணீர் அதிகமாகிப் போனவையே அதிகம். அதுவும் அக்கறையோடு வளர்ப்பவர்கள் வீட்டில்தான். அம்மா வைத்த துளசி, மகள் வெளிநாடு போகுமுன் வாங்கி வைத்த மணி பிளான்ட் என்றால் கை தானாகவே கூடுதலாக ஊற்றிவிடுகிறது.

வேருக்கும் மூச்சு உண்டு. மண்துகள்களுக்கு இடையே உள்ள காற்றிலிருந்துதான் அது பிராணவாயுவை எடுக்கிறது. அந்த இடைவெளி முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். பிறகு பித்தியம் போன்ற நுண்ணுயிரிகள் புகுந்து அழுகலைப் பரப்பும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச முடியாது. அதனால் இலை தாகம் எடுத்ததுபோலவே தொங்கும். நாம் இன்னும் ஒரு குவளை ஊற்றுவோம். ஆபத்து இங்கேதான். இலை வாடி, மண் ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது.

அப்போது செய்ய வேண்டியது இது. செடியைத் தொட்டியிலிருந்து மெதுவாக எடுத்து, வேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் பெரும்பாலும் வெளிர் நிறமாக, உறுதியாக இருக்கும். அழுகியது பழுப்பாக, கொழகொழவென்று நாற்றம் அடிக்கும். ஸ்பிரிட்டால் துடைத்த கத்தரியால் அழுகியதை வெட்டுங்கள். வேர் நிறையப் போயிருந்தால் இலைகளிலும் கொஞ்சம் குறையுங்கள். பழைய மண் வேண்டாம். செம்மண், மக்கிய உரம், ஆற்று மணல் அல்லது பெர்லைட் கலந்த புது மண்ணில், மிச்சமுள்ள வேருக்கு ஏற்ற சிறிய தொட்டியில் நடுங்கள். ஒருமுறை தண்ணீர் விட்டு, வெளிச்சமான நிழலில் வையுங்கள். புதுத் தளிர் வரும்வரை உரம் வேண்டாம். வேர் முழுதும் போய்விட்டாலும், மணி பிளான்ட் என்றால் நல்ல தண்டைக் கணுவோடு வெட்டித் தண்ணீரில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

வராமல் தடுப்பது இன்னும் சுலபம். தினமும் ஊற்றுவது வங்கியில் கொடுத்துவைத்த ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் மாதிரி. செலவு இருக்கிறதோ இல்லையோ, வரவு போய்க்கொண்டே இருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயில் இல்லை. செடி நீரைச் செலவழிப்பதும் குறைவு. ஆகவே கிழமை பார்க்காமல் மண்ணைப் பாருங்கள். விரலை 2 அங்குலம் நுழைத்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். ஸ்நேக் பிளான்ட், இசட் இசட் பிளான்ட் இரண்டுக்கும் அடிமண் வரை காய வேண்டும். நர்சரியிலிருந்து கோகோபீட்டில் வரும் செடிக்கு மேலே காய்ந்திருக்கும், உள்ளே சொதசொதவென்று இருக்கும். தூக்கிப் பார்த்தால் கனம் சொல்லிவிடும். துளசிக்கு மழைக்காலத்தில் பூஜைக்கு ஓர் உத்தரணி போதும்.

தொட்டியில் ஓட்டை அவசியம். அடியில் கூழாங்கல் பரப்புவது ஓட்டைக்கு மாற்று ஆகாது. தட்டில் தேங்கும் நீரை அரை மணி நேரத்தில் கொட்டிவிடுங்கள். வேருக்கும் நல்லது, டெங்கு கொசுவுக்கும் இடமில்லை, கீழ்வீட்டுத் துணியும் நனையாது.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுப்பவர்கள், "தினமும் தண்ணீர் விடுங்கள்" என்று சொல்லாதீர்கள். "மண் காய்ந்தால் மட்டும் விடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போங்கள்.