கரையில் மூட்டிய தீ

(கடல் ஞாயிறன்று வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை)



ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறைத் திருச்சபை கடல் ஞாயிறாகக் கடைப்பிடிக்கிறது. கப்பல் பணியாளர்கள், மீனவர்கள், அவர்களுடைய குடும்பத்தார் ஆகியோருக்காக இன்று நாம் மன்றாடுகிறோம். அயனம்பாக்கத்தில் ஏரி உண்டு, கடல் இல்லை. நமக்கும் கப்பலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நம் அடுப்படியில் இருக்கும் பாமாயிலைக் கேட்டுப் பாருங்கள். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளைக் கேட்டுப் பாருங்கள். உலக வணிகச் சரக்கில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் கடல் வழியாகவே செல்கிறது. முகம் தெரியாத யாரோ ஒருவர் இரவில் கண் விழித்துக் கப்பலைச் செலுத்தியதால்தான் அது நம் வீடு வந்து சேர்ந்தது.

இன்று நாம் சிந்திக்கும் இறைவார்த்தை, திருத்தூதர் பணிகள் நூலின் 27, 28ஆம் அதிகாரங்கள். கைதியாக உரோமைக்குக் கொண்டு செல்லப்படும் புனித பவுல் ஏறிய கப்பல் பெரும் புயலில் சிக்குகிறது. கப்பலில் 276 பேர். பதினான்கு நாள்கள் கதிரவனும் இல்லை, விண்மீனும் இல்லை, சரியான உணவும் இல்லை. கப்பலோட்டிகள் சிலர் சிறு படகை இறக்கித் தாங்கள் மட்டும் தப்பிக்கப் பார்க்கிறார்கள். இவர்கள் கப்பலில் இருந்தால்தான் மற்றவர்கள் பிழைக்க முடியும் என்று பவுல் நூற்றுவர் தலைவரிடம் சொல்கிறார். படைவீரர்கள் படகின் கயிற்றை அறுத்து விடுகிறார்கள். கப்பல் உடைகிறது. ஆனால், நீந்தியும் பலகைகளைப் பற்றிக்கொண்டும் எல்லாரும் கரை சேர்கிறார்கள். ஒருவர்கூட விடுபடவில்லை.

கப்பலில் நிற்பவர்கள் நின்றால்தான் மற்றவர்கள் பிழைக்க முடியும் என்ற அந்தச் சொல்லின் பொருளை 2020ஆம் ஆண்டில் உலகமே உணர்ந்தது. நாம் வீட்டுக்குள் இருந்தோம். மருந்தும் கோதுமையும் எரிபொருளும் கடலில் வந்துகொண்டே இருந்தன. அவற்றைக் கொண்டுவந்தவர்களுக்கோ துறைமுகங்கள் கதவை அடைத்தன. சரக்கு இறங்கலாம், மனிதர் இறங்கக் கூடாது என்றார்கள். பணிக்காலம் முடிந்தும் வீடு திரும்ப முடியாமல் கப்பலிலேயே தங்கியவர்கள், அந்த ஆண்டின் இறுதியில், உலக அளவில் ஏறத்தாழ 4 லட்சம் பேர் என்று கணக்கிட்டார்கள். ஒருவர் தொடர்ந்து 12 மாதங்களுக்குக் குறைவாகவே கப்பலில் பணியாற்ற வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை தந்த பாதுகாப்பு. அந்த வரம்பையும் தாண்டி அவர்கள் கடலில் இருந்தார்கள். பெற்றோரின் அடக்கத்தைக் கைப்பேசித் திரையில் பார்த்தவர்கள் அவர்களுள் உண்டு.

நம் தமிழக மீனவர்களும் அந்தத் துன்பத்தில் பங்கு பெற்றார்கள். கன்னியாகுமரி, தூத்துக்குடி முதலிய கடலோர மாவட்டங்களிலிருந்து ஈரானுக்குக் கூலிக்கு மீன்பிடிக்கச் சென்றவர்கள், விமானமும் இல்லை, வேலையும் இல்லை என்ற நிலையில், உணவுக்கும் குடிநீருக்கும் தட்டுப்பாட்டோடு படகுகளிலேயே நாள்களைக் கழித்தார்கள். இறுதியில், இந்தியக் கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் துறைமுகத்திலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு 2020 ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்து சேர்ந்தது. அவர்களில் பெரும்பாலோர் நம் மீனவர்கள். இடமில்லாமல் ஏற முடியாமல் அங்கேயே நின்றவர்களும் உண்டு. பவுலின் கப்பலில் ஒருவரும் விடுபடவில்லை என்று வாசிக்கும்போது, அப்படி நின்றவர்களையும் நாம் நினைக்க வேண்டும்.

அன்பானவர்களே, அந்நாள்களில் நம் வாயில் புழங்கிய 'குவாரண்டைன்' என்ற சொல் கப்பலிலிருந்துதான் வந்தது. கொள்ளைநோய்க் காலத்தில் வெனிஸ் போன்ற துறைமுக நகரங்கள் வெளியிலிருந்து வந்த கப்பல்களை நாற்பது நாள்கள் தள்ளி நிறுத்தின. நாற்பது என்பதற்கான இத்தாலியச் சொல்லே அந்தப் பெயருக்கு மூலம். நாற்பது நமக்குப் பழகிய எண் அல்லவா? நோவாவின் காலத்து மழை நாற்பது நாள். ஆண்டவர் பாலைநிலத்தில் இருந்தது நாற்பது நாள். நம் தவக்காலமும் நாற்பது நாள். இந்த நாற்பதுகள் எல்லாவற்றுக்கும் ஒரு முடிவு உண்டு. மழை நின்றது, பேழையின் கதவு திறந்தது. தவக்காலத்தின் மறுகரையில் உயிர்ப்பு காத்திருக்கிறது.

நோய் பரவாதிருக்க விலகியிருப்பது அன்பின் செயல். அதை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் விலகியிருப்பது வேறு, விலக்கி வைப்பது வேறு. விலகியிருப்பவர் நாள்களை எண்ணிக்கொண்டு, அடுத்தவர் திரும்பி வருவதற்காகக் காத்திருப்பார். விலக்கி வைப்பவர் எண்ணுவதே இல்லை. கதவை அடைத்துவிட்டு மறந்துவிடுவார். அந்த ஆண்டு ஏப்ரலில், கொரோனாவில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைத் தகனம் செய்ய நமக்கு அருகில் அம்பத்தூரிலேயே எதிர்ப்பு எழுந்தது. அச்சம் கதவை அடைக்கும்போது இறந்தவருக்குக்கூட ஆறடி இடம் கிடைப்பதில்லை.

இப்போது மால்தா கரையைப் பாருங்கள். நனைந்து நடுங்கிக்கொண்டு 276 அந்நியர்கள் வந்து நிற்கிறார்கள். அவர்களுள் கைதிகளும் இருக்கிறார்கள். அவர்கள் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்று தெரியாமலே அத்தீவு மக்கள் மழையிலும் குளிரிலும் தீ மூட்டி எல்லாரையும் வரவேற்கிறார்கள். பிறகு நடந்ததைக் கவனியுங்கள். தீவின் தலைவர் புப்பிலியுவின் தந்தை காய்ச்சலாலும் வயிற்றுக் கடுப்பாலும் படுத்திருக்கிறார். பவுல் இறைவனிடம் வேண்டி, அவர்மீது கைகளை வைத்து நலமாக்குகிறார். தீவிலிருந்த மற்ற நோயாளர்களும் வந்து நலம் பெறுகிறார்கள். வெளியிலிருந்து வருபவர் நோயைக் கொண்டுவருவார் என்று நாம் அஞ்சுகிறோம். மால்தாவிலோ, வந்தவர் வழியாகவே அவ்வூருக்கு நலம் வந்தது. கரையில் அந்தத் தீ மூட்டப்படாமல் இருந்திருந்தால்?

கப்பல் பணியாளர்களுக்காகத் திருச்சபை ஆற்றும் பணி, இன்று ஸ்தெல்லா மாரிஸ், அதாவது 'கடலின் விண்மீன்' என்ற பெயரில் அறியப்படுகிறது. கிளாஸ்கோ நகரில் 1920இல் தொடங்கிய அப்பணியின் நூற்றாண்டு, கப்பலுக்குள் யாரும் ஏற முடியாத அதே 2020இல் வந்தது. பணியாளர்கள் சோர்ந்து போகவில்லை. கேட்ட பொருள்களை வாங்கிக் கப்பலின் ஏணியடியில் வைத்தார்கள், கைப்பேசியில் பேசினார்கள், சேர்ந்து செபித்தார்கள். விலகி நின்றுகொண்டே தீ மூட்ட முடியும் என்று காட்டினார்கள்.

நம் தெருவில் அந்தத் தீ எது? தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் வடமாநிலத் தம்பி, வாடகை அறையில் காய்ச்சலோடு தனியே படுத்திருந்தால், அவன் வாசலில் வைக்கும் ஒரு தூக்குக் கஞ்சி அந்தத் தீ. காசநோய்க்கு மருந்து எடுக்கும் குடித்தனக்காரரை வீட்டைக் காலி செய்யச் சொல்லாமல், மருந்து முடியும்வரை நலம் விசாரிப்பது அந்தத் தீ. மகன் கப்பலில் இருக்க, வீட்டில் தனியே இருக்கும் தாயை ஞாயிறு திருப்பலிக்குப் பின் நின்று விசாரிப்பதும் அந்தத் தீதான். இந்த வாரம் ஒவ்வோர் அன்பியமும் அப்படி ஒரு வீட்டைத் தேடிச் செல்வோம்.

மன்றாடுவோம். கடலையும் கரையையும் படைத்த ஆண்டவரே, கடலில் உழைக்கும் எம் சகோதரர்களைக் காத்தருளும். வீடு திரும்பாமல் கடலிலே இறந்தவர்களுக்கு உம் நித்திய கரையைத் தாரும். எம் வாசலுக்கு வருபவரைக் கண்டு அஞ்சாமல், தீ மூட்டி வரவேற்கும் நெஞ்சத்தை எமக்குத் தாரும். கடலின் விண்மீனாகிய அன்னை மரியே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.