புகார் கொடுத்த பிள்ளை

2023 ஆகஸ்ட் 9, இரவு. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவர் ஒருவரின் வீட்டுக்குள் அரிவாளோடு புகுந்தவர்கள், அவருடைய பள்ளி மாணவர்களே. தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது.

அதற்கு முன்னால் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். சாதியைச் சொல்லிச் சீண்டிக்கொண்டே இருந்ததால் அவர் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். ஏன் வரவில்லை என்று ஆசிரியர்கள் விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. புகார் கொடுத்தார், அதற்குப் பழிவாங்கத்தான் அந்தத் தாக்குதல். புகாரை வாங்கினால் போதாது, கொடுத்த பிள்ளையை அன்றிலிருந்தே காக்கவும் வேண்டும்.

இந்தத் தாக்குதலுக்குப் பின் தமிழக அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மணிக்கட்டில் கட்டும் வண்ணக் கயிறு இருக்கிறதே, அதன் நிறமே யார் எந்தச் சாதி என்று வகுப்பறையில் சொல்லிவிடும். அந்தக் கயிற்றுக்குத் தடை வேண்டும் என்றது குழு. 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளுக்கு நல அலுவலர் வேண்டும் என்றும் சொன்னது. நல்ல யோசனைகள்.

அந்த மாணவர்? சிகிச்சைக்கு நடுவே படித்து, 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 வாங்கினார்.

சீண்டலுக்குச் சாதி மட்டும்தான் காரணம் என்றில்லை; தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் ஆந்திராவின் சத்தியவேட்டில் பேச்சை வைத்தும் கேலி முளைக்கலாம். பிள்ளை காரணம் சொல்லாமல் பள்ளிக்குப் போக மறுத்தால் அதட்டாதீர்கள், உட்கார வைத்துக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. நாடு முழுவதும் இலவசம், இரவிலும் பேசலாம்.